தாமல் ஏரியும் எட்டாவது பாட்டும்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எனக்கு வேலை கிடைத்தது. கீழே கடை. மேலே ஒரு அறை. அந்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஓடினால் தெருமுனை வரைக்கும் கேட்கிற ஒரு பிரிண்டர், அப்புறம் நான். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். பட்டுக்கடையில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் கிடையாது. பதில் சொல்லிச் சொல்லியே நான் பாதி இளைத்துப்போனேன்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதிக் கதை புரியாது. தறியில் ஜரிகைப் பூ விழ வேண்டும் என்றால், மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை வேண்டும். டிசைனில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. எந்த இழை மேலே எழ வேண்டுமோ அந்த இடத்தில் அட்டையில் ஒரு துளை இருக்கும். அட்டைகளை வரிசையாகக் கயிற்றால் கோத்துத் தொங்கவிட்டால், மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக வந்து போகும். கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைனைப் பார்த்துப் பார்த்துத்தான் அதுவரைக்கும் அட்டையில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளிக்கு ஒரு ஆசை. தாளை ஸ்கேன் செய்து, பிசிறைத் திருத்தி, எந்த அட்டையில் எங்கெங்கே துளை என்று கம்ப்யூட்டரே அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

அதற்கான ப்ரோக்ராமை நான்தான் எழுதினேன். புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரு ஸ்கிரிப்ட் மொழி. கிட்டத்தட்ட இங்கிலீஷில் பேசுகிற மாதிரியே எழுதலாம். டிசைன் முழுவதும் ஒரே பட்டியல், அதில் ஓர் அட்டைக்கு ஒரு வரி, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. "பட்டியலில் நூறாவது வரியைக் கொடு" என்று எழுதினால் கொடுத்துவிடும். "அதில் பத்தாவது எழுத்து என்ன" என்றால் துளை உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாங்காய், மயில், அன்னம் எதுவாக இருந்தாலும் சில நூறு அட்டைகளில் முடிந்துவிடும். அதே அட்டைகள்தான் சேலை முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊரான தாமலிலிருந்து ஓர் அக்கா வந்தார். எங்கள் முதலாளிக்குக் கூலிக்கு நெய்பவர். முப்பதைத் தாண்டிய வயது. பிளாஸ்டிக் பைக்குள் பாய் மாதிரி சுருட்டிய கட்டத்தாள்களை வைத்திருந்தார். ஒன்றோடு ஒன்று பசை போட்டு ஒட்டியது. விரித்தால் அறை போதாமல் மாடிப்படி வரைக்கும் போனது.

தாளில் தாமல் ஏரி. ஒரு முனையில் கரையும் பனைமரங்களும். நடுவில் நிறையத் தண்ணீர். மறுமுனையில் வேறு கரை, வேறு மரங்கள், மதகு. ஏரியின் மேல் கொக்கும் நீர்க்காகமும் வாத்தும் பறந்துகொண்டிருந்தன. ஒன்று காலைத் தொங்கவிட்டிருந்தது, ஒன்று கழுத்தை மடித்திருந்தது, ஒன்று கூட்டத்தை விட்டுப் பின்தங்கி அவசரமாகச் சிறகடித்தது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. எல்லாமே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

"இவ்வளவும் நீங்களே வரைஞ்சதாக்கா?"

"ஆமாம்மா. வூட்ல பசங்களுக்கு ஒரு கலர் பென்சில் மிச்சமில்ல, எல்லாத்தையும் நானே தீத்துட்டேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இத்தினி வருசமா மத்தவங்க போட்ட மாங்காயவே நெய்ஞ்சுக்கினு இருக்கிறேன். ஒரே ஒரு வாட்டி நான் போட்டது தறியில ஏறணும்மா. முந்தியில மட்டும் வந்தா போதும்."

முதலாளி தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் வியாபாரி ஆயிற்றே, கணக்குப் போடாமல் இருப்பாரா? அட்டையில் துளை போடுபவர் ஊரில் எல்லாக் கடைக்கும் வேலை செய்பவர். ஆவணி முகூர்த்தங்களுக்கான வேலையை அவர் கையில் எடுத்துவிட்டால் பிறகு நிமிர்ந்தே பார்க்க மாட்டார். அவர் அந்த வேலையைத் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குள் எங்கள் தாள் அவர் கைக்குப் போக வேண்டும். போகவில்லையென்றால் அக்காவின் தறியில் மறுபடியும் பழைய மாங்காய்தான். பாவு நூல் ஏற்றிய தறியைச் சும்மா போட்டுவைக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது.

ஸ்கேன் செய்து பிசிறு எடுக்கவே எனக்கு நாட்கள் போய்விட்டன. அந்தக் கடைசி நாள் காலையில் எல்லாம் தயார். துளைக் கணக்கு எடுத்து அச்சடிப்பது மட்டும்தான் பாக்கி. அக்கா முதல் பஸ்ஸிலேயே வந்து, என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கெத்தாக ஒரு பட்டனைத் தட்டினேன்.

திரையில் அட்டை எண் ஓடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது. "அடேங்கப்பா!" என்றார் அக்கா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் நூறைத் தாண்டியதும் ஓட்டம் நடையானது. முந்நூறைத் தாண்டியதும் நடையும் போய், தவழ ஆரம்பித்தது. முன்னே போகப் போக ஒவ்வோர் அட்டைக்கும் முந்தினதை விடக் கொஞ்சம் அதிக நேரம். மொத்தம் ஆயிரக்கணக்கான அட்டைகள். இந்த வேகத்தில் போனால் சாயங்காலம் என்ன, அந்த வாரமே போதாது.

முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். சூடாகிவிட்டதோ என்று பெட்டியைத் திறந்து, மேஜை ஃபேனை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். எனக்குக் காற்று போனதுதான் மிச்சம். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே கதை. ஆரம்பத்தில் பாய்ச்சல், அப்புறம் தவழல். அடுத்த கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அதுவும் அப்படியேதான்.

முதலாளி மேலே வந்தார். திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, பாதி ஏரி போதுமே. பாதிக்கு அட்டை போட்டுக்கினு, அப்புறம் அதே அட்டைய ரிவர்ஸ்ல ஓட்டினா மறுபாதி தன்னால வந்துடும். வேலையும் பாதி ஆயிடும். எல்லாரும் செய்யறதுதானே?"

அவர் சொன்னது உண்மைதான். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மறுபாதி வரும், பார்க்கவும் அழகாகவே இருக்கும். நான்கூட ஒரு நிமிடம், அப்பாடா என்று நினைத்தேன். அக்காதான் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்போ பாதி ஏரியில கொக்குங்க எல்லாம் மூஞ்சத் திருப்பிக்கினு இந்தப் பக்கம் வருமே, மொதலாளி? அதுங்க அந்தக் கரைக்குப் போவுதுங்க. அந்தக் கரைக்கு மதகு இருக்குது, இந்தக் கரைக்கு இல்ல. ரெண்டும் ஒண்ணு இல்லியே!"

முதலாளி மறுபடி ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி வரைக்கும் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு ஒரு குணம். ஏன் என்று தெரியாத ஒன்று எதிரில் இருந்தால் சோறு இறங்காது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே முறைத்தேன். பின்னால் வருகிற வரிகள் மட்டும் ஏன் பாரமாக இருக்கின்றன? அவற்றில் துளைகள் அதிகமோ? அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வேலை செய்தேன். பட்டியலின் கடைசி நூறு வரிகளை மட்டும் வெட்டியெடுத்து, தனிப் பட்டியலாக்கி ஓட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது! அதே வரிகள்தான், அதே துளைகள்தான். பெரிய பட்டியலின் கோடியில் இருந்தால் ஆமை, தனியாக எடுத்து வைத்தால் முயல். இது என்ன கூத்து? எரிச்சல் போய் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. வயிறு கத்தியதுகூடக் காதில் விழவில்லை.

யோசிக்கும்போது என் வாய் சும்மா இருக்காது. அப்பா பெருமாள் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிப்பவர், அதாவது கூட்டமாக நின்று ஓதுபவர். வீட்டில் கேட்டுக் கேட்டே எனக்குப் பாசுரங்கள் மனப்பாடம். பதற்றம் வந்தால் அவை தானாக வாயில் ஓடும். அப்போதும் ஒரு பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுல எத்தினி பாட்டும்மா?" என்று கேட்டார்.

"பத்து. கடைசியில பலன் சொல்ற பாட்டு ஒண்ணு."

"எங்க சர்ச்ல பலகையில நம்பர் எழுதி மாட்டிடுவாங்க. புக்ல அந்த நம்பரத் தொறந்தா பாட்டு வந்துடும். உனக்குப் புக்கே வாணாம் போலக்குதே. எங்க, ஏழாவது பாட்டு சொல்லு பாக்கலாம்?"

இதென்ன பெரிய விஷயம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. சத்தியமாக வரவில்லை. முதல் பாட்டை மனசுக்குள் மளமளவென்று ஓட்டினேன். அது முடிகிற சொல்லில்தான் இரண்டாவது தொடங்கும். இரண்டாவது முடிகிற சொல்லில் மூன்றாவது. அப்படியே விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு போய், ஏழுக்கு வந்ததும் குரல் எடுத்துச் சொன்னேன்.

"அட, நல்லாக்குதே! எட்டாவது?"

நான் மறுபடியும் கட்டைவிரலை மடக்கி, முதல் பாட்டிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

அக்கா கை தட்டிச் சிரித்தார். "அய்ய, இன்னாம்மா நீ! ஏழு வரைக்கும் வந்துட்டியே. எட்டுக்கு மறுபடியும் மொதல்லேந்தா போவ?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எண் சொல்லிக் கேட்டால் எனக்கு அப்படித்தான் வரும். சின்ன வயதிலிருந்து பழக்கம். எங்கள் வீட்டில் அப்பாவே அப்படித்தான், நடுவில் ஒன்றைக் கேட்டால் மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டுதான் வருவார். "எண்ணைச் சொல்லாம, அடுத்ததுன்னு கேட்டிருந்தா உடனே சொல்லியிருப்பேன்க்கா" என்றேன்.

சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றுவிட்டது.

நான் கம்ப்யூட்டரிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன்? எண்தான்! என் பட்டியல் என்பது என்ன? ஒரே நீளமான எழுத்துக் கூட்டம். வரி முடிகிற இடத்தில் ஒரு அடையாளம், அவ்வளவுதான். அக்காவின் சர்ச் புத்தகம் மாதிரி அதற்குப் பக்க எண்ணே கிடையாது. ஆயிரத்து ஓராவது வரியைக் கொடு என்றால் அந்தப் பாவப்பட்ட மெஷின் முதல் வரியிலிருந்து வரிமுடிவுகளை எண்ணிக்கொண்டே வந்து கொடுக்கிறது. ஆயிரத்து இரண்டைக் கொடு என்றால் மறுபடி முதலிலிருந்து! அதைவிட அநியாயம், ஒவ்வொரு துளைக்கும் நான் வரியைப் புதிதாகக் கேட்டிருந்தேன். ஒரே அட்டைக்குள்ளேயே ஒவ்வொரு கட்டத்துக்கும் அது ஏரியின் முதல் கரைக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. சின்ன மாங்காய்க்கு இது தெரியவே இல்லை. நூறு வரியை எண்ண அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? ஆயிரக்கணக்கில் வரி வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டது.

"அக்கா, அதுவும் என்னை மாதிரியே விரல் மடக்குதுக்கா!" என்று கத்தினேன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்து அவரும் சேர்ந்து எழுந்து நின்றார்.

அந்த மொழிக்கான புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரு மூலையில் இருந்தது. பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றாக, வரிசையாக எடுத்துக்கொள் என்று ஒரு கட்டளை. எண்ணே சொல்ல வேண்டியதில்லை. விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அடுத்தது, அடுத்தது என்று அதுவே போகும். இந்தப் பக்கத்தை நான் முன்பே படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானே, எது வசதியோ அதை எழுதலாம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

மாற்றி எழுதியது மிஞ்சிப்போனால் நாலைந்து வரி. பட்டனைத் தட்டினேன். தட்டிவிட்டு நாற்காலியில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. மொத்த ஏரியும்! ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசி வரியைத் திறந்து பார்த்தேன். மதகு இருந்தது. காலையிலிருந்து மெஷின் திணறியதெல்லாம் வேலையால் இல்லை, திரும்பத் திரும்ப முதலுக்குப் போய் வந்த நடையால்தான்.

நான் அறைக்குள் ஒரு சுற்று குதித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தேன். சத்தம் கேட்டு முதலாளி படியேறி வந்து, திரையை எட்டிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார்.

பிரிண்டர் கர்ர் கர்ர் என்று அடிக்க ஆரம்பித்தது. தாள் மடிந்து மடிந்து கீழே விழ, அக்கா தரையில் உட்கார்ந்து அதைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகம் மாறியது.

"ஏம்மா, எந்த அட்டை எத்தினியாவதுன்னு போடலியே? மத்த டிசைனுக்கெல்லாம் ஓரத்துல நம்பர் இருக்குமே. கோக்கறப்போ கலைஞ்சுதுன்னா அவ்வளவுதான், கொக்கு தலைக்கு அப்புறம் வாத்து கால் வரும்."

பிரிண்டரை நிறுத்தினேன். எண் சொல்லிக் கேட்டபோது எண் என் கையில் இருந்தது. அடுத்தது அடுத்தது என்று போகும்போது அது எத்தனையாவது என்று அந்தக் கட்டளைக்கே தெரியாது. வேகம் வந்தது, இருக்கும் இடம் மறந்துபோனது. இதற்கும் ஒரு வழி உண்டே என்று யோசித்து, கூடவே ஒரு எண்ணியைப் போட்டேன். ஒரு வரி தாண்டும்போதெல்லாம் அதில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே வரும், அவ்வளவுதான். மெஷின் முன்னே நடக்கட்டும், நான் பக்கத்தில் விரல் மடக்கிக்கொண்டு வருகிறேன் என்கிற ஏற்பாடு. மறுபடி ஓட்டினேன். வேகம் குறையவில்லை. ஓரத்தில் எண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

பிரிண்டர் கடைசித் தாளைத் துப்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மூன்று மணி எப்போதோ போயிருந்தது, முதலாளி மேலே வந்து கேட்கவே இல்லை. அக்கா அந்தத் தாள் கட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். என் சைக்கிளின் கேரியரில் அவரை உட்காரவைத்து, துளை போடுபவரின் தெருவுக்கு மிதித்தேன். அவர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டைப் பிரித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளமா? சரி, வச்சிட்டுப் போங்க" என்றார். அக்கா தெருவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாமல் போகிற பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, மத்தியானம் சாப்பிடாத டப்பாவைக் கழுவப் போட்டபோது அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒரு நாள் முதலாளி, "தறியிலேந்து சேலைய அறுத்து எடுக்கப் போறாங்களாம், போய்ப் பாத்துட்டு வாம்மா" என்று என்னைத் தாமலுக்கு அனுப்பிவைத்தார். தறியில் நெய்தது உடனுக்குடன் கட்டையில் சுருண்டுகொண்டே போகும். நெய்கிறவருக்குக் கண்ணெதிரே ஒரு சாண் நீளம்தான் தெரியும். அத்தனை நாளும் அக்கா அந்த ஏரியை ஒரு சாண், ஒரு சாணாகத்தான் பார்த்திருக்கிறார். நானோ வெறும் வரி வரியாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சேலையை அறுத்து எடுத்தார்கள். முந்தியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். மெதுவாகப் பின்னால் நடந்து விரித்தோம்.

கரு நீலத்தில் ஜரிகைப் பறவைகள். காலைத் தொங்கவிட்ட கொக்கு, கழுத்தை மடித்த நீர்க்காகம், பின்தங்கிப்போன அந்த ஒன்று. என் கைப்பக்கம் மதகு. அக்கா தன் முனையை விடாமல், கழுத்தை நீட்டி ஒவ்வொரு பறவையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் கை வரைக்கும் வந்ததும் நிமிர்ந்து, "ஏய், ஒண்ணு வுடாம எல்லாம் அந்தக் கரைக்குப் போயி சேந்துட்டுதும்மா!" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சேலை கீழே விழாமல் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர், எத்தனையோ மொழி பார்த்தாயிற்று. இன்றும் ஏதோ ஒன்று முடியவே முடியாது என்று என் முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம், எதிரில் இருக்கிறவரின் ஏரியைப் பாதியாக வெட்டச் சொல்வதற்கு முன்னால், நான் கேட்கிற விதம் சரிதானா என்று ஒருமுறை மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன்.